பழைய செங்கல் ஃபயர்பிளேஸுக்கு எந்த இன்சேர்ட்? விறகா, காஸா?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில் கட்டிய செங்கல் பங்களா ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். ஹோலில் இருக்கிற ஃபயர்பிளேஸில் நெருப்பு மூட்டினால் முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் சூடு, படுக்கையறைகள் இன்னும் குளிர்ந்துபோகின்றன, போதாததற்குச் சிலவேளை புகையும் உள்ளே வருகிறது. அதற்குள் இன்சேர்ட் என்கிற மூடிய அடுப்பை வைக்கச் சொல்கிறார்கள், விறகா காஸா, எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கம்பெனியைப் பற்றியது போல இருந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: இந்தப் பழைய புகைபோக்கியை நம்பி இத்தனை ஆயிரம் டொலர் போடலாமா, போட்டால் வீடு சூடாகுமா? அதற்குத்தான் இந்தப் பதில். கம்பெனிப் பெயர்கள் பின்னால் வரும். நான் ஒன்ராறியோவில் விறகு எரிக்கும் அடுப்புகளைப் பரிசோதிப்பதும் புகைபோக்கி துப்புரவு செய்வதுமாகப் பல வருடங்களாக இருக்கிறேன். காஸ் வேலைக்கு எனக்கு லைசன்ஸ் கிடையாது, ஆகவே காஸ் பற்றிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் படுக்கையறை ஏன் குளிர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. திறந்த ஃபயர்பிளேஸ் எரியும்போது தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து இழுத்து மேலே அனுப்புகிறது. அது நீங்கள் ஃபர்னஸில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று. போன காற்றுக்குப் பதிலாக ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றாலும் வெளிக்குளிர் உள்ளே வருகிறது. தேர்மோஸ்டாட் ஹோலில் இருந்தால் இன்னும் மோசம்: ஹோல் சூடாக இருக்கிறது என்று ஃபர்னஸ் நின்றுவிடும், பின்னறைகள் குளிர்ந்தபடியே கிடக்கும். இப்படிப்பட்ட ஃபயர்பிளேஸின் திறனைக் கனடிய அரசு வெளியீடுகளே கழித்தல் 10 சதவீதத்திலிருந்து கூட்டல் 10 சதவீதம் வரை என்றுதான் போடுகின்றன. கழித்தல் என்றால் மூட்டாமல் விட்டிருந்தால் வீடு இன்னும் சூடாக இருந்திருக்கும். இன்சேர்ட் என்பது அந்தக் குழிக்குள் தள்ளி வைக்கிற, கண்ணாடிக் கதவு போட்ட மூடிய இரும்பு அடுப்பு. காற்றை அளந்து விடும், புகையையும் இரண்டாம் தடவை எரிக்கும். நல்ல விறகு இன்சேர்ட் 70 சதவீதத்தை ஒட்டி வேலை செய்யும். ஆகவே இன்சேர்ட் என்ற யோசனையில் பிழையே இல்லை. அதைத் தாங்கும் குழியும் புகைபோக்கியும் உங்களிடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஃபயர்பிளேஸ் உண்மையிலேயே செங்கல்லால் கட்டியதுதானா? 1950கள் என்பதால் அநேகமாக அப்படித்தான் இருக்கும், ஆனாலும் பாருங்கள். 70களிலும் 80களிலும் பல வீடுகளில் தொழிற்சாலையில் செய்த தகரப் பெட்டி ஒன்றை மரச்சட்டத்துக்குள் வைத்து, முன்பக்கம் மட்டும் செங்கல் ஒட்டிவிட்டார்கள். பழைய வீட்டைத் திருத்தியவர்களும் அதைச் செய்திருக்கிறார்கள். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். பின்சுவரும் பக்கச்சுவரும் ஒரே அச்சில் வார்த்த பலகை போல இருந்தால், மேலே உலோகக் குழாய் தெரிந்தால், ஓரத்தில் எங்காவது தகட்டில் மொடல் இலக்கம் இருந்தால், அது தகரப் பெட்டி. அதற்குள் விறகு இன்சேர்ட் வைப்பதற்கு அந்தப் பெட்டிக்கும் அந்த இன்சேர்ட்டுக்கும் சேர்த்து அங்கீகாரம் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. அதைப் பொருட்படுத்தாமல் வைத்தால் பெட்டிக்குப் பின்னால் உள்ள மரம் வருடக்கணக்கில் காய்ந்து காய்ந்து ஒருநாள் தீப்பிடிக்கும். அப்படியான இடத்தில் நான் எழுதும் அறிக்கை ஒரே வரிதான்: பாவிக்கக் கூடாது.

இதை வாசிக்கிற, நகரத்துக்குள் இன்னும் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒன்று. ரொறன்ரோவின் கபேஜ்ரவுன், றிவர்டேல் பக்கத்தில் 1900ஐ ஒட்டிக் கட்டிய வீடுகளில் இருக்கும் அழகான சின்ன ஃபயர்பிளேஸ்கள் பலவும் நிலக்கரிக்காகக் கட்டியவை. ஆழம் குறைவு, புகை போகும் வழி ஒடுக்கம், உள்ளே சுட்டகளிமண் குழாயும் இருக்காது, வெறும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான், அந்தச் சாந்தும் இப்போது விரலால் சுரண்டினால் மணலாக உதிரும். அவற்றில் விறகு இன்சேர்ட் கேட்டு அலையாதீர்கள். சின்ன காஸ் இன்சேர்ட்தான் நடைமுறையில் சரிவரும்.

இனி உங்கள் புகைபோக்கி. உங்கள் காலத்து வீட்டில் உள்ளே சுட்டகளிமண் குழாய் அடுக்கியிருக்கும். அதுவே போதாதா, ஏன் தனியாக எவர்சில்வர் லைனர், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் உள்குழாய், போடச் சொல்கிறார்கள், காசு பறிக்கவா என்று பலரும் கேட்பார்கள். இல்லை. திறந்த நெருப்பின் பெரும் காற்றுக்காகக் கட்டிய வழி அது. இன்சேர்ட்டிலிருந்து வருவது கொஞ்சப் புகை, அதுவும் சூட்டில் பெரும்பகுதியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிற புகை. 6 அங்குல லைனரின் வாய் சுமார் 28 சதுர அங்குலம். பழைய குழாயின் வாய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அந்த அகலத்துக்குள் புகை மெதுவாகப் போய்க் குளிர்ந்து சுவரில் கிரியோசோட்டாகப் படிகிறது, கறுப்பாக, தார் மாதிரி. அது பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டும், களிமண் குழாய் வெடிக்கும், வெடிப்பு வழியே சூடு கூரை மரத்துக்குப் போகும். அதனால்தான் கனடாவில் விறகு இன்சேர்ட் என்றால் அதன் கழுத்திலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை இடைவெளியில்லாத லைனர் போட வேண்டும் என்பது விதி. 70களின் இறுதியிலும் 80களிலும் எண்ணெய் விலை ஏறிய காலத்தில் லைனரே இல்லாமல் குழிக்குள் சும்மா தள்ளிவிட்ட இன்சேர்ட்டுகள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. உங்களுடையதில் முன்னைய சொந்தக்காரர் அப்படி ஒன்றை வைத்து, விற்கும்போது கழற்றியிருக்கவும் கூடும், அப்படியானால் மேலே பழைய கிரியோசோட் இன்னும் இருக்கலாம்.

லைனர் உள்ளே போகுமா என்பது அடுத்த சிக்கல். களிமண் குழாயின் பெயரளவு 8க்கு 12 அங்குலம் என்றால் உள்ளளவு அதைவிட ஒரு அங்குலம் போலக் குறைவு. 6 அங்குல லைனருக்கு அரை அங்குலக் காப்புப் போர்வை சுற்றினால் 7 அங்குலத்துக்கு வந்துவிடும். நேராக இருந்தால் எப்படியோ இறக்கலாம், நடுவில் வளைவு இருந்தாலோ குழாய்ப் பொருத்துகளில் சாந்து பிதுங்கி நின்றாலோ இறங்காது. அப்போது களிமண் குழாயை உடைத்து எடுக்க வேண்டும், அது தனிச் செலவு, வீடு முழுக்கத் தூசி. போர்வை இல்லாமல் இறக்கிவிடுகிறேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. உங்கள் புகைபோக்கி வீட்டின் வெளிச்சுவரில் நிற்கிறது என்று எழுதியிருப்பதால் நான் அதற்குச் சம்மதிக்க மாட்டேன். மூன்று பக்கமும் ஜனவரிக் குளிரில் நிற்கும் செங்கலுக்குள் போர்வையில்லாத லைனர் எந்நேரமும் குளிர்ந்துதான் இருக்கும், புகையை மேலே தூக்கும் இழுவை வராது. கமரா இறக்கிப் பார்க்காமல் இதில் எதையும் தொலைபேசியில் சொல்ல முடியாது. கமரா இல்லாமல் விலை சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

புகை உள்ளே வருவதாகச் சொன்னீர்களே, அது இன்சேர்ட் வைத்தால் நின்றுவிடும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். காரணம் என்ன என்று பார்க்க வேண்டும். புகைபோக்கி கட்டையாக இருக்கலாம்: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம் வேண்டும், 10 அடிக்குள் இருக்கிற கூரை உச்சி முதலான எதையும்விட 2 அடி உயர்ந்தும் நிற்க வேண்டும். பங்களாக்களில் இந்த உயரம் அடிக்கடி குறைகிறது. இல்லாவிட்டால் குழியின் வாய் புகைவழிக்கு மிஞ்சின அகலமாக இருக்கலாம், இதை இன்சேர்ட் தீர்த்துவிடும். மூன்றாவது காரணம் நம்மவர் வீடுகளில்தான் அதிகம் காண்கிறேன்: சமையலறை ஹூட். மீன் பொரிக்கிற மணம் நிற்கக் கூடாது என்று நிமிடத்துக்கு 600, 900 கன அடி காற்றை (சி.எஃப்.எம்.) வெளியே தள்ளும் ஹூட் வாங்கிப் பூட்டிவிடுகிறோம். அதோடு பழைய ஜன்னல்களை மாற்றி இடுக்குகளையும் அடைத்துவிடுகிறோம். ஹூட் வெளியே தள்ளும் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே, அது வரக்கூடிய மிகப் பெரிய ஓட்டை புகைபோக்கிதான். நெருப்பு நன்றாக எரியும்போது தெரியாது. இரவில் தணல் ஆகி இழுவை குறைந்த நேரத்தில் ஹூட்டோ துணி உலர்த்தியோ ஓடினால் புகையும் கார்பன் மொனொக்சைட்டும் வீட்டுக்குள் திரும்பும், தணலில் புகை குறைவு என்பதால் மணம்கூடத் தெரியாமல் போகலாம்.

இதைக் காசில்லாமல் சோதிக்கலாம். நல்ல குளிர்நாளில் எல்லா ஜன்னலையும் மூடி, ஃபயர்பிளேஸின் டாம்பரை (புகைவழியின் மூடியை) திறந்து, ஹூட், குளியலறை விசிறி, உலர்த்தி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி குழியின் வாயருகே பிடியுங்கள். புகை மேலே போனால் சரி. அறைப்பக்கம் வளைந்து வந்தால் விறகு இன்சேர்ட் பற்றி யோசிக்கும் முன் ஹூட்டுக்கு ஈடுசெய்யும் காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் காஸுக்குப் போங்கள். இது பரிசோதகரின் கருவிக்கு ஈடாகாது, ஆனால் எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டிவிடும்.

சரி, விறகா காஸா? எதற்காக வேண்டும் என்று நீங்களே உங்களைக் கேளுங்கள். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் கிட்டத்தட்ட 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, சில இடங்களில் நாட்கணக்கில் வரவில்லை, அதுவும் நத்தார் நேரம். ஃபர்னஸ் காஸில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டுமே. அந்த அனுபவத்துக்குப் பிறகு விறகு இன்சேர்ட் வைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் காரணம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. மின்சாரம் இல்லாமல் ஓடுவதுதான் நோக்கம் என்றால் விறகு. ஊதி விசிறி நின்றாலும் முன்பக்கம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மொடல் நல்ல சூடு தரும். சுவரோடு சமமாக உட்காரும் மொடல் பார்க்க வடிவு, ஆனால் விசிறி நின்றால் சூட்டில் பெரும்பங்கு செங்கலுக்குள் போய்விடும். மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் கட்டிகளை எரிக்கும் பெலட் இன்சேர்ட் இந்த நோக்கத்துக்கு உதவாது, அதன் ஊட்டிக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும்.

மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் சுவிட்ச் போட்டதும் எரிய வேண்டும், பெற்றோர் வீட்டில் இருக்கிறார்கள், விறகு தூக்க ஆளில்லை என்றால் காஸ். இப்போது வரும் நல்ல காஸ் இன்சேர்ட்டுகள் இரண்டு குழாய் வகை: ஒன்று எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து கொண்டுவரும், மற்றது கழிவை வெளியே விடும், இரண்டும் உங்கள் பழைய புகைபோக்கிக்குள்ளேயே மேலே போகும். அறைக் காற்றைத் தொடாத அடைத்த அமைப்பு என்பதால் நான் மேலே சொன்ன ஹூட் பிரச்சினை இதற்கு ஏறக்குறைய இல்லை. இரண்டு குழாய்களும் சின்னவை, விறகு லைனர் போகாத வழியிலும் போகும். பற்றரி வைத்த வகை எடுத்தால் மின்சாரம் போனாலும் பற்றும், விசிறி மட்டும் ஓடாது. ஆனால் காஸ் என்றால் கவலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பரில் வூட்ஸ்டொக்கில் ஒரு முழுக் குடும்பம், தாய் ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் அதிகாரி, கணவரும் இரண்டு பிள்ளைகளும், காஸ் ஃபயர்பிளேஸின் கழிவு வழி அடைத்ததால் கார்பன் மொனொக்சைட் பரவி இறந்தார்கள். வீட்டில் அலாரம் இருக்கவில்லை. படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் கட்டாயம் என்று 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோச் சட்டம் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே வழங்குகிறது. விறகோ காஸோ, படுக்கையறைப் பக்கம் ஒன்றும் ஃபயர்பிளேஸ் இருக்கிற அறையில் ஒன்றுமாகப் பூட்டுங்கள். காஸ் வேலையை ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ. சான்று உள்ளவர்தான் செய்ய வேண்டும், நண்பரின் மச்சானுக்குத் தெரியும் என்று விடக் கூடாது. முன் கண்ணாடி கையைச் சுடும் என்பதால் தடுப்பு வலையோடு வரும், பார்வைக்கு வடிவில்லை என்று அதைக் கழற்றாதீர்கள், முக்கியமாக குழந்தைகள் இருந்தால். மின்சார இன்சேர்ட் என்பது 1,500 வாட் ஹீட்டருக்குப் படம் காட்டியது, அவ்வளவுதான். புகைபோக்கி பழுதாகிப்போன வீட்டில் அழகுக்கு வைக்கலாம்.

அளவு எடுக்கும்போது குழியின் முன் அகலம், பின் அகலம், முன் உயரம், பின் உயரம், அடியிலும் மேலிலும் ஆழம், ஆறும் வேண்டும். பழைய குழிகள் பின்னால் ஒடுங்கி மேலே முன்னுக்குச் சரியும், முன் அகலத்தை மட்டும் அளந்து வாங்கிக் கதவு வரை கொண்டுவந்து திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. பிறகு முன்தளம்: விறகு இன்சேர்ட்டின் கதவுக்கு முன்னால் 450 மில்லிமீற்றர் எரியாத தளம் வேண்டும். முன்னே நீட்டும் மொடல் அந்தத் தளத்தைத் தானே தின்றுவிடும், அப்போது தளத்தை நீட்ட வேண்டிவரும். பேஸ்மென்டுக்குப் போய் அந்தத் தளத்தின் அடிப்பக்கத்தையும் ஒருக்கால் பாருங்கள். கட்டும்போது கொங்கிரீட்டைத் தாங்க வைத்த மரப்பலகையைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள், உங்கள் காலத்து வீடுகளில் இதை நிறையக் கண்டிருக்கிறேன், அது எடுக்கப்பட வேண்டும். மேலே மரத்தட்டு இருந்தால் அதற்கான தூரம் இன்சேர்ட்டின் தகட்டில் எழுதியிருக்கும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. டாம்பர் மட்டத்தில் லைனரைச் சுற்றி ஒரு இரும்புத் தகடும் மேலே கல்நாரல்லாத பாறைப்பஞ்சும் வைக்கச் சொல்லுங்கள். சிலர் கேட்டால்தான் செய்வார்கள். வெளிச்சுவர்ப் புகைபோக்கியில் அந்த ஒரு தகடு அறைச்சூட்டில் நன்றாகவே தெரியும்.

விறகு இன்சேர்ட்டுக்கு நகரசபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். காப்புறுதிக் கம்பெனியிடம் வாங்கும் முன்பே கதையுங்கள்: சிலர் கட்டணம் கூட்டுவார்கள், சிலர் மறுப்பார்கள், பெரும்பாலானோர் விறகு அடுப்புப் பரிசோதனைக்கான ‘வெற்’ (WETT) சான்று பெற்ற பரிசோதகரின் அறிக்கை கேட்பார்கள். முடிந்தால் பரிசோதிப்பவரும் விற்பவரும் வேறு ஆட்களாக இருக்கட்டும்.

இதுவரை சொன்னதில் லைனர், தூரங்கள், தகரப் பெட்டி எல்லாம் விவாதத்துக்கு இடமில்லாதவை. வீடு முழுக்கச் சூடாகுமா என்பது அப்படியல்ல. ஹோல் திறந்த அமைப்பாக இருந்தால் பக்கத்து அறைகளுக்குப் போகும், பங்களாவில் நீண்ட நடையின் கடைசியில் இருக்கிற படுக்கையறைக்குப் போவது கஷ்டம். ஃபர்னஸை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரிதாக வாங்கினால் கூடச் சூடு என்பதும் சரியல்ல. பெரிய அடுப்பைச் சின்ன அறையில் காற்றைக் குறைத்துப் புகைய விட்டால் கண்ணாடி கறுக்கும், கிரியோசோட் கூடும். உங்கள் ஹோலுக்கு நடுத்தர அளவே அதிகம். வினையூக்கி (புகையை எரிக்க உதவும் பாகம்) வைத்த மொடல் வாங்கலாமா என்றால், அது மெதுவாக நீண்ட நேரம் எரியும், நாள் முழுக்க எரிப்பவர்களுக்கு நல்லது, சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தப் பாகத்தை மாற்றவும் வேண்டும். மாலையில் மட்டும் எரிப்பவருக்கு நான் சாதாரண வகையைத்தான் சொல்வேன். விறகு விலைக்கு வாங்குகிற நகரத்தவருக்குப் போட்ட காசு மிச்சம் பிடித்துத் திரும்ப வருமா என்று கேட்டால், காஸ் ஃபர்னஸ் உள்ள வீட்டில் அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள் என்பேன்.

கம்பெனி: றீஜென்சி, பசிஃபிக் எனர்ஜி இரண்டும் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஒஸ்பேர்ன், ட்ரொலே கியூபெக்கில், நெப்போலியன் இங்கே ஒன்ராறியோவின் பரி (Barrie) நகரில். எல்லாமே ஒழுங்கானவை, உங்கள் குழிக்குள் பொருந்துவதும், பாகம் இருப்பில் வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருப்பதும்தான் வித்தியாசம். இன்சேர்ட்டின் தகட்டில் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் புகைத்தூசு வெளிவரும் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். மொன்றியலில் 2018 அக்டோபரிலிருந்து அதற்கு மேல் உள்ளவற்றை எரிக்கவே தடை, இங்கும் நாளை அப்படி வந்தால் உங்கள் காசு வீணாகக் கூடாது. விலையை இன்சேர்ட், லைனர், போர்வை, தகடு, கூலி, அனுமதி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் லைனரும் கூலியும் சேர்ந்து சிலவேளை இன்சேர்ட்டின் விலையையே தொட்டுவிடும்.

விறகுதான் என்று முடிவெடுத்தால் இன்சேர்ட்டுக்கு முன்னால் விறகை வாங்குங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேப்பிளும் ஆஷும் பிளந்து அடுக்கிக் காற்றுப் பட ஒரு வருடம் போல, ஓக் என்றால் இரண்டு வருடம். ‘காய்ந்த விறகு’ என்று ஒக்டோபரில் விற்பதில் பாதி காய்ந்திருக்காது. ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து அந்த முகத்தில் ஈரப்பத மீற்றரைக் குத்திப் பாருங்கள், வெளிமுகத்தில் குத்தினால் பொய் சொல்லும். அளவையும் கேளுங்கள்: விறகை அளந்து விற்கும் முழுக் கோர்ட் (cord) 4க்கு 4க்கு 8 அடி, அதாவது 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் என்று விற்பது 16 அங்குலத் துண்டு என்றால் அதில் மூன்றில் ஒன்றுதான். வசந்தத்தில் விறகை அடுக்கி, அடுத்த வருடக் கோடையில் பரிசோதனையும் லைனரும் முடித்துக்கொண்டால் செப்டம்பரில் எல்லோரும் ஒரேயடியாகத் தொலைபேசி எடுக்கும் நெரிசலிலும் மாட்ட மாட்டீர்கள்.